முகப்பருவுக்கு மருந்து எடுக்கும்போது



இம்மாதம் நுண்கடன் பற்றித் தொடர்ந்து எழுதுவதாக இருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கிறேன். முகப்பருவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், "செல் பட்டு முகம் கிழிஞ்ச சனம் வாசிக்கிற புத்தகத்தில பருவைப் பற்றியோ எழுதப்போறாய்?" என்று கேட்டார். அவருடைய கன்னத்திலேயே 2009 இல் பட்ட காயத்தின் தழும்பு இருக்கிறது. எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு நடந்ததை அவருக்குச் சொன்னேன். "அப்ப எழுது. விளங்கிற மாதிரி எழுது" என்றார்.

நடந்தது இதுதான். சம்பந்தப்பட்ட பிள்ளையினதும் தாயினதும் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

வலிகாமப் பகுதியில் மாதர் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து புறப்படும்போது, ஒரு தாய் என்னைத் தன் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி கேட்டார். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். தோட்ட வேலைக்குப் போய் மகளை வளர்த்தவர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. தேநீர் கொண்டுவந்த மகளின் உதடு இரண்டு பக்கமும் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. "என்ன பிள்ளை, காய்ச்சலோ?" என்றேன். "இல்லையக்கா, பருவுக்குக் குளிசை எடுக்கிறன். சித்தி வெளிநாட்டிலயிருந்து அனுப்பினவ. அங்க தன்ர மகளுக்கு டொக்டர் எழுதிக் குடுத்ததில மிச்சமாம்" என்றாள்.

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். கர்ப்பிணிப் பெண்ணின் உருவம் ஒன்றும் அதன்மேல் குறுக்கே ஒரு கோடும் போட்டிருந்தது. "இந்தப் படம் என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். "வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்கள் குடிக்கக்கூடாது எண்டுதானே அக்கா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகேல்ல" என்றாள்.

அவள் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைத்தான் ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆறு வாரமாக அந்தக் குளிசையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் முடிந்த மாதமே பிள்ளை தங்கினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த மருந்தின் பெயர் ஐசோட்ரெற்றினோயின். உயிர்ச்சத்து ஏ வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1982 இல் அனுமதி பெற்றது. முகத்தில் பெரிய கட்டிகளாக வந்து, உடைந்து, குழி விழுத்துகின்ற கடும் பருவுக்கு இதைப் போல வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடுவதுதான் இதன் வேலை. ஆனால் கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை, இருதயம், காது, முகம் ஆகியவற்றை இது பாதிக்கும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில், தனக்குப் பிள்ளை தங்கியதே தாய்க்குத் தெரியாத நாட்களில் கூடப் பாதிப்பு நடந்துவிடலாம். ஆகவே இதைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, எடுக்கும் காலம் முழுவதும், கடைசிக் குளிசைக்குப் பிறகு ஒரு மாதம் வரையும் பெண் கர்ப்பம் தரிக்கக்கூடாது. பாலூட்டும் தாயும் எடுக்கக்கூடாது. அந்தக் காலத்தில் இரத்த தானமும் செய்யக்கூடாது, ஏனெனில் அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம்.

தலிடோமைட் என்ற குளிசையின் கதையை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1957 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் சத்திக்கும் கொடுக்கப்பட்டது. 1961 இல் நிறுத்தப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கை கால் குறைபாடுகளுடன் பிறந்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் இப்படியான மருந்துகளுக்கு இத்தனை கட்டுப்பாடு. பார்சலில் வரும் குளிசைக்கு அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் கூட வருவதில்லை.

பெட்டிக்குள் இருந்த கடதாசி முழுக்க ஆங்கிலம். எனக்கே நின்று நிதானித்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1860களில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார் என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். அதே குடாநாட்டில் இன்றைக்கு ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றிய எச்சரிக்கையைத் தன் மொழியில் வாசிக்க முடியாமல் இருக்கிறாள். ஆங்கிலம் தெரியாதவர்கள் ஒன்றைச் செய்யலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பொதுப் பெயர். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்டலாம்.

மறுநாள் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு தோல் வைத்திய நிபுணரிடம் போனேன். அவர் ஏசவில்லை. குளிசையை அன்றே நிறுத்தச் சொன்னார். ஈரலையும் இரத்தக் கொழுப்பையும் பார்க்க இரத்தம் எடுப்பித்தார். இவையிரண்டும் இந்தக் குளிசையால் கூடக்கூடியவை, தொடங்கும் முன்பே பார்க்கவேண்டியவை. அளவும் பிழையாக இருந்தது. உடல் நிறைக்கு ஏற்பக் கொடுப்பது இது, சித்தியின் மகளின் அளவு இவளுக்குப் பொருந்தாது. "உமக்கு இந்த மருந்து தேவைப்படலாம், ஆனால் இப்ப இல்லை. பிள்ளை வேண்டாமெண்டு நீங்கள் ரெண்டு பேரும் தீர்மானிச்ச காலத்தில வாரும், முறையாத் தொடங்குவம்" என்றார். அதுவரை அசெலேயிக் அமிலக் கிறீமும், பென்சோயில் பெரொட்சைட்டு ஜெல்லும் எழுதினார். பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்கு வைத்தியர்கள் இவற்றையே தெரிவு செய்வதுண்டு. அங்கிருந்து குடும்பநல உத்தியோகத்தரிடம் போனோம். கல்யாணமானால் அவரிடம் எப்படியும் பதியத்தான் வேண்டும், கொஞ்சம் முந்திப் போனோம், அவ்வளவுதான்.

இனி, வைத்தியர் எழுதிக் கொடுத்து முறையாக மருந்து எடுப்பவர்களுக்குச் சில விசயங்கள். கிளினிக்கில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது இவற்றையெல்லாம் விளங்கப்படுத்த அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

பூசும் மருந்து எதுவானாலும் முதல் சில வாரம் பரு கூடினது போலத் தெரியலாம். அடபலீன், ட்ரெற்றினோயின் ஜெல்களில் இது அதிகம். எங்கள் பெண்கள் இரண்டாம் கிழமையே "ஒத்துவரேல்ல" என்று எறிந்துவிடுகிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். இரவில் மட்டும், முகத்தைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணிக் கடலையளவு போதும். அதிகம் பூசினால் கெதியாக மாறும் என்பது பிழை, தோல்தான் உரியும். எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கள். இந்த இரண்டு ஜெல்களையும் கர்ப்பத்தில் நிறுத்தவேண்டும். பென்சோயில் பெரொட்சைட்டு துணியின் நிறத்தை வெளிறச் செய்யும். நல்ல சட்டையும் வர்ணத் தலையணை உறையும் கவனம். ஒரு பிள்ளை தன் ஒரேயொரு நல்ல சுடிதாரை இப்படிப் பழுதாக்கிவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்திருந்தால் ஒரு முழுக் கோப்பைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும். பாலுடனோ இரும்புச்சத்துக் குளிசையுடனோ சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு இதுவும் ஆகாது. ஐசோட்ரெற்றினோயினையும் டொக்சிசைக்கிளினையும் ஒன்றாக எடுக்கவே கூடாது, மூளையில் அழுத்தம் கூடும். கடும் தலையிடியோடு கண் மங்கினால் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வைத்தியரிடம் காட்டுபவர்கள் ஒருவர் தந்ததை மற்றவரிடம் மறைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

ஐசோட்ரெற்றினோயின் எடுப்பவர்களில் உதடு வெடிக்காதவர் இல்லை என்றே சொல்லலாம். விலையான கிறீம் தேவையில்லை. பெற்றோலியம் ஜெலியை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பூசுங்கள். உதட்டை நக்காதீர்கள், தோலைப் பிய்க்காதீர்கள். மூக்கில் இரத்தம் வருபவர்கள் அதே ஜெலியை மூக்கின் உட்பக்கம் மெல்லத் தடவலாம். கண் வரண்டு உறுத்தும், இரவில் பார்வை சற்றுக் குறையலாம். இருட்டில் சைக்கிளோ ஸ்கூட்டியோ ஓட்டுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். மூட்டும் தசையும் நோகலாம். நாள் முழுக்கக் குனிந்து வெங்காயம் பிடுங்கும் பெண்ணுக்கு அது சாதாரண உளைவாகவே தெரியும், ஆனாலும் வைத்தியருக்குச் சொல்லுங்கள். குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் பாதிதான் சேரும். உயிர்ச்சத்து ஏ உள்ள வேறு குளிசைகள் வேண்டாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் சொல்லவேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீர் வன்மை. சவர்க்காரம் நுரைக்காது, தோலில் படிந்து வரட்டும். மருந்து பூசும் காலத்தில் முகத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும், மென்மையான சவர்க்காரம் போட்டு, நிறையத் தண்ணீரால் அலசுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் கிளிசரின் கலந்த சாதாரண கிறீம் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பருவைக் கூட்டும். தலைக்கு வைத்த எண்ணெயும் நெற்றிக்கு வழியும். இடம்பெயர்ந்திருந்த தொண்ணூறுகளில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததை அம்மா இப்போதும் சொல்லுவா. அந்தத் தலைமுறைக்கு "இரண்டு முறை போதும்" என்று சொல்லத் தேவையே இருந்ததில்லை.

மருந்து எடுக்கும் தோலுக்கு வெயில் விரைவில் சுடும். சன்ஸ்கிறீன் வாங்க வசதியுள்ளவர்கள் பூசுங்கள். வசதியில்லாதவர்களுக்குக் குடை, அகல விளிம்புத் தொப்பி, தலையில் சுற்றிய துணி. பங்குனி, சித்திரை வெயிலில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இயன்றவரை காலையிலேயே வேலையை முடியுங்கள். மிளகாய் பிடுங்கிய கையால் முகத்தைத் தொடவேண்டாம். தேசிக்காய்ப் புளியை முகத்தில் பூசி வெயிலில் இறங்குவது எங்கள் ஊரில் பழைய பழக்கம். தோல் வெந்து கறுப்புத் திட்டு விழும், மாற மாதக்கணக்காகும்.

கடைகளில் விற்கும் வெள்ளைக் கிறீம்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனெனில் நானே அகப்பட்டவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், பருத் தழும்புக்கென்று ஒரு கடையில் லேபல் இல்லாத சிறிய டப்பாவில் தந்ததைப் பூசினேன். ஒரு கிழமையில் முகம் பளபளத்தது. தோழிகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மூன்றாம் மாதம் நிறுத்தியபோது முகம் சிவந்து, எரிந்து, முன்னரை விட மோசமாகப் பரு வந்தது. அது ஸ்ரெறொய்ட் என்று வைத்தியர் பார்த்ததுமே சொன்னார். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை தோலை மெலியச் செய்து, இரத்த நாளங்களை வெளியே தெரியப் பண்ணும். இந்தியாவில் 2018 இல் இப்படியான பல பூச்சு மருந்துகளை வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக்கூடாதென்று கட்டுப்படுத்தினார்கள். வேறு சில வெள்ளைக் கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. இப்படி ஏதும் பூசிக்கொண்டிருப்பவர்கள் வெட்கப்படாமல் அந்த டப்பாவையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சமூகவியல் படித்தவளே ஏமாந்தேன், உங்களை யார் குறை சொல்வது?

மாதவிடாய் ஒழுங்கில்லாமல், நாடியில் முடியும் வளர்ந்து, பருவும் இருந்தால் அது சூலகக் கட்டிகளோடு சேர்ந்த ஓமோன் பிரச்சினையாக இருக்கலாம். கிறீம் மட்டும் பூசிப் பலனில்லை, பரிசோதிக்கவேண்டும்.

மனம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசோட்ரெற்றினோயின் எடுக்கும் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக அறிக்கைகள் உண்டு. மருந்தால்தானா, பருவின் கவலையாலா என்று வைத்தியர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. எங்களில் எத்தனை பேர் யுத்தத்துக்குப் பிறகு நித்திரையின்றி, மனநல கிளினிக்குக்குப் போய்வருகிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதைத் தோல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து எடுக்கும் மகள் பேச்சுக் குறைந்து, மூலையில் இருந்து அழுதால் "கல்யாணக் கவலை" என்று விடாதீர்கள். சாகவேண்டும் போன்ற எண்ணம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் பேசலாம்.

இனி அந்தப் பிள்ளையிடம் வருகிறேன். கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இதை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னா, பெட்டைக்கு வருத்தம் எண்டு கல்யாணத்தை நிப்பாட்டிப்போடுவினம்" என்று விம்மினார். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. தகப்பன் இல்லாத வீடு, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று. மறைக்கலாமோ என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது உண்மை. மறைத்தால், கல்யாணமாகி முதல் மாதத்தில் அவள் தனியாக எப்படிச் சமாளிப்பாள்?

தீர்மானித்தது அவள்தான். அன்றிரவே மாப்பிள்ளைக்குத் தானே போன் எடுத்தாள். பருவுக்கு ஒரு மருந்து எடுத்ததையும், அது உடம்பை விட்டுப் போகும்வரை பிள்ளை தங்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதையும் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லையாம். பிறகு, "எத்தினை மாதம்?" என்று மட்டும் கேட்டாராம். "கடைசிக் குளிசையிலயிருந்து ஒரு மாதம். நாங்கள் ரெண்டு மாதம் பொறுப்பம்" என்றாளாம். "சரி, அம்மா கேட்டா நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாராம்.

இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு சற்றுக் கூடியிருந்தது. நிறுத்திய பிறகு எடுத்ததில் இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று முகத்தில் பரு இருக்கத்தான் செய்தது. அலங்காரம் செய்த பெண்ணிடம் நான் முதல்நாளே போய், வக்சிங் வேண்டாம், பிளீச் வேண்டாம், இந்தக் குளிசை எடுத்தவர்களுக்கு நிறுத்தி ஆறு மாதம் வரை தோல் கழன்று வரும் என்று சொல்லியிருந்தேன். அவர் முகத்தைச் சுளித்தாலும் கேட்டார். மிச்சக் குளிசையை என்ன செய்தாய் என்று பிறகு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாளாம், கொடுக்காமல் வைத்தியசாலை மருந்தகத்திலேயே ஒப்படைத்துவிட்டாளாம்.

அடுத்த மாதம் நுண்கடன் பற்றித் தொடர்வேன்.