மழுங்கிய சங்கிலி, அவசர வெட்டு: மரம் அறுப்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. மோனோரயில் சேவையும் தடைபட்டது. அந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் கோயில் நிர்வாகங்கள், பள்ளி வாரியங்கள், குடியிருப்புச் சங்கங்கள் தங்கள் வளாகத்து மரங்களை அண்ணாந்து பார்க்கத் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் மாதங்களில் அந்தக் கவலை கூடுகிறது. யாராவது ஒருவர் கைப்பேசியில் ஓர் எண்ணைத் தேடுகிறார். மறுநாள் காலை ஒரு லோரியில் இரண்டு மூன்று பேர் செயின்சாவுடன் வந்து இறங்குகிறார்கள்.

மரம் தானாக விழுந்து ஒருவர் இறந்தால் அது தலைப்புச் செய்தி. மரத்தை வெட்டப் போன தொழிலாளி அதே மரத்தின் கீழ் இறந்தால், மாவட்டச் செய்திகளில் நான்கு வரி கிடைத்தால் பெரிது. “விதி” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய விபத்துகளின் காரணங்களை வரிசையாகப் பார்த்தால் விதிக்கு அங்கு வேலை குறைவு. பெரும்பாலானவை மரத்தைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. சில, முதல் நாள் இரவே தொடங்குகின்றன, யாரும் அரம் போடாமல் விட்ட சங்கிலியில்.

உலகில் எங்கு கணக்கெடுத்தாலும் மரம் வெட்டுவது ஆபத்தான தொழில்களின் முன்வரிசையில் நிற்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மரம் வெட்டும் தொழிலாளர்களில் லட்சம் பேருக்கு 100.7 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களையும் சேர்த்த சராசரி 3.7. இயந்திரங்களும் பயிற்சியும் பாதுகாப்பு உடைகளும் நிறைந்த நாட்டின் நிலவரம் இது. நம் ஊரில் அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பருமாக மரத்தடியில் நிற்பவரை அதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

செயின்சா வெட்டி இறப்பவர்களைவிட, விழும் மரமோ கிளையோ அடித்து இறப்பவர்களே அதிகம். அதனால்தான் “மிஷின் நன்றாகத்தான் இருந்தது, மரம்தான் திரும்பிவிட்டது” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த இடத்தில்தான் நம் புரிதல் தவறுகிறது. மரம் ஏன் திரும்பியது என்று கேட்டால், பல நேரம் பதில் மிஷினிலேயே இருக்கிறது.

மரத்தை வீழ்த்தும் முறை எளிதாகவே தோன்றும். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில், மரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு ஆழம் வரை ஆப்பு வடிவில் முன்வெட்டு போடுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சற்று உயரமாகப் பின்வெட்டு. இரண்டும் சந்தித்துவிடக் கூடாது. நடுவில் குறுக்களவில் சுமார் பத்தில் ஒரு பங்கு மரம் அறுக்கப்படாமல் நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் போல அந்தப் பட்டைதான் மரத்தைப் பிடித்து, நாம் நினைத்த பக்கம் மெல்லச் சாய்க்கிறது. கீல் முழுவதும் அறுந்துவிட்டால் மரம் எங்கே போகும் என்பது அதன் இஷ்டம்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். அதில் இடப்பக்கப் பல், வலப்பக்கப் பல் என்று மாறி மாறி இருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர் அரம் போடும்போது ஒரு பக்கப் பற்கள் கூராகவும் மறுபக்கம் அரைகுறையாகவும் அமைவது வெகு சாதாரணம். அந்தச் சங்கிலி நேராக அறுக்காது, வளைந்துகொண்டே போகும். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பின்வெட்டு நேராகத் தெரியும். உள்ளே கீல் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கம் முதலில் அறும். மரம் தடித்த பக்கம் இழுபடும். “மரம் திரும்பிவிட்டது” என்பது இதைத்தான்.

மழுங்கிய சங்கிலி வேறொரு வகையில் ஆபத்து. சாய்ந்து நிற்கும் மரத்தில் பின்வெட்டு வேகமாகப் போக வேண்டும். சங்கிலி மழுங்கியிருந்தால் பாதி அறுப்பதற்குள் மரம் சாயத் தொடங்கிவிடும். அறுபடாத மீதி, பாரம் தாங்காமல் அடியிலிருந்து மேல்நோக்கி நெடுக்காகப் பிளக்கும். பிளந்த துண்டு பின்னால் நிற்பவரின் மார்பு உயரத்துக்கோ தலை உயரத்துக்கோ உதைத்துக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘பார்பர் சேர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய சாய்வு நாற்காலி போல மரம் எழும்புவதால். பெயரில் நகைச்சுவை இருக்கலாம், நடப்பதில் இல்லை. அனுபவசாலிகள் சாய்ந்த மரத்தில் தகட்டின் நுனியைக் கீலுக்குப் பின்னால் ஊடுருவச் செய்து, பின்புறம் ஒரு பிடியை விட்டுவைத்து, கடைசியில் அதை அறுப்பது இதைத் தவிர்க்கத்தான். அந்த வெட்டுக்கும் கூர்மையான சங்கிலி வேண்டும். நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலி பிரேக் இருப்பது அந்தக் கணத்துக்காக. பிரேக்கில் மரத்தூள் அடைத்துக்கொண்டு அது வேலை செய்யாத மிஷினோடு நாள் முழுக்க அறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

சங்கிலி மழுங்கியதை அறிய வல்லுநர் தேவையில்லை. கூரான சங்கிலி மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகத் தள்ளும். உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தால், அது மிஷின் நிறுத்தச் சொல்லும் நேரம். அழுத்திக்கொண்டே இருந்து மரம் திடீரென அறும்போது மிஷின் நேராகக் காலுக்கு வரும். முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெட்டுக் காயங்களில் கால்களுக்குத்தான் பெரும்பங்கு.

இதற்கான பராமரிப்பு என்ன? சங்கிலியின் அளவுக்கு ஏற்ற வட்ட அரம். பரவலாக உள்ளவற்றுக்கு 4.0, 4.8, 5.2 மில்லிமீட்டர். தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டு மூன்று இழுப்பு. ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டி மேட்டை விட்டுவிட்டால் சங்கிலி கூராக இருந்தும் அறுக்காது. “வேகமாக அறுக்கட்டும்” என்று மேட்டை அதிகமாக ராவிவிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடித்து மிஷின் எகிறும். இந்த இரண்டாவது தவற்றைத் திறமை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

மற்றவை சின்ன விஷயங்கள். சங்கிலி கையால் இழுத்தால் ஓட வேண்டும், தகட்டின் அடியில் தொங்கக் கூடாது. முடுக்கியை விட்ட பிறகும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த மிஷின் வேலைக்கு ஆகாது. சங்கிலிக்கு ஊற்ற வேண்டியது அதற்கான எண்ணெய். வாகனத்திலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் அல்ல. அதில் உள்ள உலோகத் துகள் தகட்டைத் தின்னும், தெறிப்பது தோலுக்கும் கேடு. சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. இவையெல்லாம் மிஷினோடு வரும் கையேட்டில் இருக்கின்றன. அந்தக் கையேடு பெரும்பாலும் பெட்டியோடு குப்பைக்குப் போகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்வதில்லை? சோம்பல் என்று சொல்வது எளிது, ஆனால் அது நியாயமில்லை. ஒரு வட்ட அரத்தின் விலை ஒரு தட்டு நாசி கண்டார் அளவுதான். பிரச்சினை நேரம். சங்கிலியைத் தீட்டி, மேட்டைச் சரிபார்த்து, வடிகட்டியைக் கழுவிப் பொருத்த அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு யாரும் கூலி தருவதில்லை. வேலை தருபவர் மரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறார். குத்தகையாளர் துணைக் குத்தகைக்கு விடுகிறார். அறுப்பவருக்கு நாளுக்கு எத்தனை மரம் என்பதே கணக்கு. மிஷின் ஒருவருடையது, சங்கிலி இன்னொருவர் வாங்கியது, தீட்ட வேண்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மிகக் குறைந்த விலையைச் சொன்னவருக்கே வேலை என்று நாம் முடிவெடுக்கும்போது, அந்தக் குறைப்பு பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

தப்பிக்கும் வழியும் இப்படித்தான் பறிபோகிறது. மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது. பின்பக்கம் 45 பாகைச் சாய்வில் ஒரு பாதையைப் புதர் நீக்கி முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். நம் நாட்டு மரங்களில் கொடிகள் ஒன்றின் உச்சியை மற்றதோடு பிணைத்திருக்கும். வெட்டிய மரம் அவற்றை இழுத்து, பக்கத்து மரத்தின் கிளையை முறித்துத் தலையில் போடும். கொடியை முன்னதாகவே அறுத்துவிட வேண்டும். வெட்டிய மரம் இன்னொன்றில் சிக்கி நின்றால் அதன் அடியில் போய், தாங்கும் மரத்தை அறுக்கக் கூடாது. இவை எதற்கும் காசில்லை, நேரம்தான் வேண்டும்.

வெளித்தோற்றத்தையும் நம்ப முடியாது. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் 2017 பிப்ரவரி 11ஆம் தேதி விழுந்து இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த தெம்புசு மரம் 270 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. சில மாதங்களுக்கு முன்தான் சோதிக்கப்பட்டு நன்றாக இருப்பதாகக் கருதப்பட்டது. அழுகல் அடியில் இருந்தது. உள்ளே பொந்தான மரத்தில் கீல் நிற்காது. லயத்துக்குப் பின்னால் கறையான் ஏறிய பழைய மரத்தை “சின்னதுதானே” என்று அறுக்கப் போகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் முன்னே வந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இப்போது குத்தகைக்கு வேலை தரும் நிறுவனத்துக்கும் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களின் தொழிலாளர்கள் ஆகியோரின் பாதுகாப்பில் கடமை உண்டு. ஆபத்து மதிப்பீடு செய்தாக வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. முதலாளியின் கடமை மீறலுக்கான அபராத உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. ஆனால் நாள் கூலிக்கு வந்தவர் “இந்த மரம் ஆபத்து, நான் வெட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டால், மறுநாள் அவரை யார் கூப்பிடுவார்கள்? அந்த உரிமை காகிதத்தில் நிற்பதும் வேலையில் இறங்குவதும் வேலை தருபவரின் கையில்தான் இருக்கிறது.

ஆகவே ஆலயத் தலைவர்களும் பள்ளி வாரியங்களும் விலையைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேட்கலாம். யார் அறுக்கப் போகிறார், எங்கே பயிற்சி பெற்றார், சங்கிலி வெட்டைத் தாங்கும் கால்சட்டையும் தலைக்கவசமும் உண்டா, மாற்றுச் சங்கிலி கொண்டுவருகிறாரா, மின்கம்பி அருகில் இருந்தால் தெனாகா நேஷனலிடம் பேசியாகிவிட்டதா? கடைசிக் கேள்வி சொக்சோ. குத்தகையாளரின் தொழிலாளியாக இருந்தால், அவர் வெளிநாட்டவரே ஆனாலும், முதலாளி சந்தா கட்ட வேண்டும். சொந்தமாக மிஷின் வைத்துத் தனியாகத் தொழில் செய்பவருக்கு 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் விவசாயமும் வனத்துறையும் அதில் அடங்கும். பதிவு செய்யத் தாமதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விபத்து நடந்த பிறகு கட்டும் சந்தா அந்த விபத்துக்குச் செல்லாது.