முத்திரை உண்மை, அதிகாரம் யாருடையது? 1799-இல் திருவிதாங்கூர் கண்ட ஆட்சிப் பறிப்பு

திருவனந்தபுரம்: கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைவீதியில் இன்றும் மலையாளத்தோடு தமிழும் இயல்பாக ஒலிக்கிறது. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வணிகம் செய்து வருகின்றன. இக்கடைவீதியை உருவாக்கியவர் எனப் போற்றப்படுபவர் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ். அவருடைய வீழ்ச்சியும், அவர் இடத்தில் மூவர் அமர்ந்த விதமும், ஆட்சியதிகாரம் முறைகேடாகக் கைமாறுவது குறித்து இன்று வெளிவரும் செய்திகளைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

இத்தகைய செய்திகளைத் தமிழாக்கும்போது 'ஆட்சிக் கவிழ்ப்பு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இருக்கும் அரசை வீழ்த்துவதை மட்டுமே அச்சொல் குறிக்கிறது. எவரையும் வீழ்த்தாமல், அரசரின் பெயராலேயே, அவருடைய முத்திரையைக் கொண்டே அதிகாரத்தை எடுத்துக்கொள்வோர் அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. பிறர் நிலத்தைப் பத்திரம் எழுதிப் பறித்துக்கொண்டால் 'அபகரிப்பு' என்று தயங்காமல் எழுதும் நாம், நாடே அவ்வாறு பறிபோகும்போது அச்சொல்லைத் தவிர்க்கிறோம்.

யார் முறையான ஆட்சியாளர் என்பது இடத்துக்கு இடம் மாறுவதையும் இங்கே கருதவேண்டும். 1729-இல் வேணாட்டில் மார்த்தாண்ட வர்மா அரசுரிமை பெற்றபோது, முந்தைய அரசரின் புதல்வர்களான தம்பியர் அதை எதிர்த்தனர். தந்தையின் அரியணை மகனுக்கு உரியது என்ற அவர்களது வாதம் மதுரையிலோ தஞ்சையிலோ எழுந்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். மருமக்கள் தாய முறை நிலவிய வேணாட்டில், சகோதரியின் மகனே வாரிசு. ஆகவே அங்கு மகனே உரிமையற்றவன் ஆனான். தம்பியர் கொல்லப்பட்டனர். அதன்பின் அண்டைச் சிற்றரசுகளைப் படைபலத்தால் இணைத்துக்கொண்ட மார்த்தாண்ட வர்மா, 1750 ஜனவரியில் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தம்மைப் பத்மநாப தாசர் என அறிவித்துக்கொண்டார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயலின் பக்தியை ஐயுற வேண்டியதில்லை. எனினும், வாளால் வென்ற நிலம் இறைவனின் நிலமாயிற்று. அதைத் திரும்பக் கேட்பது தெய்வக் குற்றமாயிற்று.

1798-இல் கார்த்திகைத் திருநாள் ராம வர்மா மறைந்ததும் பதினாறு வயதினரான பாலராம வர்மா அரியணை ஏறினார். திப்பு சுல்தானுடனான போர்க்காலத்தில் நாட்டைக் காத்தவரும், ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவருமான கேசவதாஸ் அப்போதும் திவான். இளைய அரசரின் நம்பிக்கையைப் பெற்ற ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, அவர் மீது அரசருக்கு ஐயத்தை விதைத்தார். கேசவதாஸ் பதவி நீக்கப்பட்டார். அவரது சொத்துகள் பறிமுதலாயின. அவர் காவலில் வைக்கப்பட்டார். 1799 ஏப்ரலில் அவர் இறந்தார். நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார் என்பதே வரலாற்று நூல்கள் பலவும் தரும் செய்தி.

இதன்பின் ஜெயந்தன் நம்பூதிரி முதன்மை அமைச்சரானார். சங்கரநாராயணன் செட்டியும், மரவணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய மாத்து தரகனும் அவருக்குத் துணையாயினர். இவர்களில் எவரும் அரண்மனைக்குள் படையோடு நுழையவில்லை. அரசர் அரியணையிலேயே இருந்தார். ஆணைகள் அவர் பெயரிலேயே வெளிவந்தன. அந்த ஆணைகளை மறுக்கக்கூடிய ஒரே மனிதர் மட்டும் உயிரோடு இல்லை.

கருவூலத்தை நிரப்புவது என்ற பெயரில், வசதியுள்ளோரும் அலுவலர்களும் எவ்வளவு செலுத்தவேண்டும் எனப் பட்டியல் தயாரானது. செலுத்தத் தவறியோர் சிறையும் சவுக்கடியும் கண்டனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தைச் சேர்ந்த வேலுத்தம்பி. பணம் திரட்ட மூன்று நாள் தவணை கேட்டு ஊர் திரும்பிய அவர், பணத்துக்குப் பதிலாக மக்களைத் திரட்டினார். தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டில் தொடங்கிய அந்த எழுச்சி திருவனந்தபுரத்தைச் சூழ்ந்தது. ஜெயந்தன் நம்பூதிரியை நீக்கி நாடு கடத்தவேண்டும், மற்ற இருவரையும் பொதுவிடத்தில் சவுக்கால் அடித்துக் காதுகளை அறுக்கவேண்டும் என்பன கோரிக்கைகள். அரசர் இணங்கினார், அவை நிறைவேற்றப்பட்டன. நியாயமான கோபமும் எவ்வளவு கொடியதாக இருந்தது என்பதையும் மறைக்காமல் பதிவு செய்யவேண்டியுள்ளது.

கவனிக்கத்தக்கது, கிளர்ச்சியாளர்கள் அரசரின் உரிமையைக் கேள்விக்குள்ளாக்கவில்லை என்பதே. ஆணையில் இருந்த முத்திரை போலியானது என்றும் அவர்கள் கூறவில்லை. அதைப் பதித்த கை யாருடையது என்பதே அவர்களது கேள்வி.

இக்கேள்வி இன்றும் பொருந்துகிறது. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் அதிபரைக் காவலில் வைத்தது. ராணுவத்தால் முன்மொழியப்பட்ட துணை அதிபர் பொறுப்பு அதிபராகி, அவசரநிலையை அறிவித்து, அதிகாரத்தைத் தளபதி மின் ஆங் லைங்கிடம் ஒப்படைத்தார். எல்லாம் அரசமைப்புச் சட்டப் பிரிவுகளின் பெயரால்! இந்தியாவிலும் 1975 ஜூன் 25 இரவு அவசரநிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு அது மறுநாள் காலையிலேயே தெரிவிக்கப்பட்டது. கையெழுத்து உண்மையானது, கேட்கவேண்டியவர்களைத்தான் முன்கூட்டிக் கேட்கவில்லை.

இலங்கையில் 2018 அக்டோபர் 26 அன்று அதிபர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அக்கலைப்பு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். மூன்று நாள்களில் விக்ரமசிங்க மீண்டும் பிரதமரானார். மியான்மருக்கும் இலங்கைக்கும் இடையிலான வேறுபாடு ஆணைகளின் தரத்தில் இல்லை. கொழும்பில் மறுக்கும் அதிகாரம் கொண்ட ஒரு நீதிமன்றமும், பணிய மறுத்த ஒரு சபாநாயகரும் எஞ்சியிருந்தனர்.

1799-இன் திருவிதாங்கூரில் அப்படியொரு நீதிமன்றம் இல்லை. அதனால் மறுப்பு, கூட்டமாகத் தெருவில் இறங்கி வரவேண்டியிருந்தது. அவ்வாறு வரும் மறுப்புக்கு ஒரு விலை உண்டு. சில ஆண்டுகளில் தளவாயான வேலுத்தம்பியும் கடுந்தண்டனைகளுக்குப் பெயர்பெற்றார். 1804-இல் படிக்குறைப்பை எதிர்த்து நாயர் படையினர் அவருக்கு எதிராகவே கிளர்ந்தனர். அதைத் தொடர்ந்து 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஏற்பட்ட உடன்படிக்கை, ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகையை எட்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியதோடு, உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடவும் கம்பெனிக்கு வழி திறந்தது. பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து 1809 ஜனவரி 11 அன்று குண்டறையில் அறைகூவல் விடுத்த வேலுத்தம்பி, அவ்வாண்டே மண்ணடியில் உயிர்நீத்தார்.

அடுத்து நிகழ்ந்த அதிகார மாற்றத்தில் ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 1811-இல் ராணி கௌரி லட்சுமி பாய், கம்பெனியின் ரெசிடென்டான கர்னல் ஜான் மன்றோவையே திவானாகவும் நியமித்தார். ராணியின் விருப்பப்படி, முறையான ஆணையோடு நடந்த நியமனம் அது. மன்றோ நீதிமன்றங்களைச் சீரமைத்தார், பல வரிகளை நீக்கினார், ஊழலைக் கட்டுப்படுத்தினார் என்பதையும் வரலாறு பதிவு செய்துள்ளது. ஆனால் 1814 வரை திவானின் செயலைக் கண்காணிப்பவரும், கண்காணிக்கப்படும் திவானும் ஒருவரே. அந்த மூன்றாண்டுகளில் சாலையின் வணிகர் ஒருவர் திவானின் வரி ஆணை குறித்து ரெசிடென்டிடம் முறையிட எண்ணியிருந்தால், அவருடைய மனு மன்றோவிடமே வந்து சேர்ந்திருக்கும்.