ஓய்வுக்கு யார் கணக்கு வைப்பது?

சுயபராமரிப்பு குறித்த வளாகக் கருத்தரங்கு காலை 10 மணிக்குத் தொடங்கும். அதற்குள் ஹைதராபாத்தின் சாலைகளைப் பெண்கள் பெருக்கி முடித்திருப்பார்கள். விடியுமுன் வேலைக்கு வரும் அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், ஒப்பந்தக் கூலிகள். தெலுங்கு தலித் பெண்களின் எழுத்துகளைக் கோகு சியாமளா 2003இல் ஒரு நூலாகத் தொகுத்தார். தலைப்பு ‘நல்லபொத்து’. தமிழ்க் காதுக்கு அது நல்ல பொழுது, தெலுங்கிலோ கரும்பொழுது.

அந்தக் கருத்தரங்குகளில் ஆட்ரி லார்டின் பெயர் தவறாமல் ஒலிக்கும். புற்றுநோயோடு வாழ்ந்த நாட்களை 1988இல் நூலாக்கிய அவர், கருப்பினப் பெண் தன் உடலைப் பேணுவதை அரசியல் செயலாகவே கண்டார். இங்கு வந்து சேரும்போது அந்த அரசியல் கழன்றுவிடுகிறது. யோகாவும் மூச்சுப்பயிற்சியும் எஞ்சுகின்றன. (மூச்சுப்பயிற்சியின் மீது குறையில்லை. அதற்கும் கால் மணி நேரம் கையில் இருக்க வேண்டும்.)

ஓய்வை உரிமையாக்கிய மரபு இம்மண்ணிலேயே உண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், ஆலைத் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறை தரும் மசோதாவையும், வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கும் மசோதாவையும் முன்மொழிந்தார். ஓய்வை மணிக்கணக்கிலும் கூலிக்கணக்கிலும் அளந்தவர் அவர். ஆயினும் அச்சட்டங்கள் ஆலை வாயிலோடு நின்றன. தெருவும் பிறர் வீட்டுச் சமையலறையும் வெளியே விடுபட்டன.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் இறக்கும் தலித் பெண்களின் சராசரி வயது 39.5, உயர்த்திக்கொண்ட சாதிப் பெண்களுக்கு 54.1. உழைப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று; குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவமும் எட்டாமையும் சேர்ந்தது. ஆனால் மருத்துவமனை வரிசையில் நிற்பதற்கே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது.

அவர்களின் மகள்கள் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016, 2022 விதிமுறைகள் மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை விடுப்பு அனுமதிக்கின்றன. தேவையான விதி. உதவித்தொகையில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தாமதமாகும் மாதங்களில் கடன் வாங்கி, தளர்ந்துபோகும் முதல் தலைமுறை ஆய்வாளரின் களைப்பு அவ்விதியில் அடங்காது. நெறியாளரிடம் “களைப்பாக இருக்கிறது” என்று அவர் சொல்வதுமில்லை. சொன்னால் அது இடஒதுக்கீட்டில் வந்தவரின் தகுதிக் குறைவாகவே படிக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

காரணம் கேட்காத விடுப்பு, அந்நாட்களிலும் நிற்காத உதவித்தொகை, அரங்கைப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்கு ஊதியத்துடன் வார விடுமுறை. அடுத்த கருத்தரங்கின் தீர்மானத்தில் இம்மூன்றும் இடம்பெறட்டும். மூச்சுப்பயிற்சி மதிய உணவுக்குப் பின் நடக்கலாம்.