பன்றித் தீவனத்தில் புரதத்தின் அளவும் பொருத்தமும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சூழ்ந்த கிராமங்களில் பன்றி வளர்ப்போருக்கு, சாப்பாட்டுக் கூடங்களிலும் ஹோட்டல்களிலும் மிஞ்சும் சோறு சொற்பச் செலவில் கிடைக்கக்கூடியதாயிருக்கிறது. வயிறு நிறைந்தால் பன்றி பெருத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பெருப்பது மெய்யே, ஆயினும் பெருப்பது சதையா, கொழுப்பா என்பதே கேள்வி. 50 கிலோ எடையைத் தாண்டிய பன்றிக்குச் சோற்றை மட்டும் இட்டுவந்தால், அதன் மாவுச்சத்து தோலின் கீழ்க் கொழுப்பாகப் படியுமேயன்றிச் சதை பிடிக்காது. விற்பனை எடையை எட்டவும் நாள் கூடும். இலவசத் தீவனம் இவ்வாறே விலையுயர்ந்த தீவனமாகிவிடுகிறது.

இதை உணர்ந்த குடியானவர்கள் வேர்க்கடலைப் பிண்ணாக்கைச் சேர்க்கிறார்கள். அது பாதி சரியே. புரதம் என்பது ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகைச் சத்துக்களின் சேர்க்கை. அவற்றுள் சிலவற்றைப் பன்றி தன் உடலில் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, தீவனமே தரவேண்டும். லைசின் என்னும் சத்துக் குறைந்த கோதுமைப் புரதத்தைத் தின்ற எலிகள் வளராமல் நின்றதையும், லைசினைச் சேர்த்தவுடன் வளர்ந்ததையும் அமெரிக்க அறிஞர்களாகிய ஆஸ்பர்ன், மெண்டல் இருவரும் 1914-இல் வெளியிட்டனர். ஏரிக்கரை எவ்வளவு உயர்ந்திருப்பினும், தாழ்ந்த இடம் ஒன்றிருந்தால் நீர் அம்மட்டத்திற்கு மேல் நிற்காது. அரிசியுணவுண்ணும் பன்றிக்கு அத்தாழ்ந்த இடம் லைசினே.

கணக்கு இதனைத் தெளிவாக்கும். நூறு கிலோ கலவையில் குருணை 65, தவிடு 15, வேர்க்கடலைப் பிண்ணாக்கு 18, உப்பும் தாதுக் கலவையும் 2 கிலோ என்று கொள்வோம். புரதம் சுமார் 15 சதவீதம், லைசினோ 0.55 சதவீதமே. பிண்ணாக்கை மட்டும் சோயாவாக மாற்றினால் புரதம் அதே 15 சதவீதந்தான், லைசின் 0.78 சதவீதமாகிறது. 50 முதல் 80 கிலோ வரையுள்ள பன்றிக்கு வேண்டுவது சுமார் 0.75, அதற்கு மேல் 0.60. ஆகையால் 80 கிலோ வரை சோயாவும், பின்னர் இரண்டும் சரிபாதியும் இடுவது தகும். குருணைக்குப் பதிலாக மிச்சச் சோற்றை இடுவோர், அதில் பெரும்பகுதி நீர் என்பதை நினைத்து, ஒரு கிலோ குருணைக்குச் சுமார் மூன்று கிலோ சோறு என்று கணக்கிடவேண்டும்.

சோயாவுக்குப் பணம் கொடுக்க வேண்டுமே என்பர் சிலர். மூட்டையின் விலையைப் பாராமல் அதிலுள்ள லைசினைப் பார்க்கவேண்டும். ஐம்பது கிலோ வேர்க்கடலைப் பிண்ணாக்கில் லைசின் சுமார் 750 கிராம். சோயாவில் 1,400 கிராம். கடையில் விற்கும் லைசின் பொடியைச் சேர்த்தால் போதாதோ எனின், ஓரளவு போதும். ஆனால் கரையில் அடுத்த தாழ்விடம் தலைகாட்டும். லைசினை நூறு பங்காகக் கொண்டால் திரியோனின் 65, மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 60, டிரிப்டோபேன் 18 என்ற அளவை ஒட்டியிருத்தல் வேண்டும். மெத்தியோனினுக்குச் சிறிது எள்ளுப் பிண்ணாக்கு உதவும். பழவேற்காட்டுப் பக்கத்தார் கருவாட்டுத் தூளையும் இடலாம். இறைச்சியில் வாடை ஏறாதபடி விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பொருந்தாத புரதத்தை மிகுதியாக இடுவதால் பயனில்லை; மிகுந்தது மூத்திரத்தில் கழிந்து, கொட்டிலில் நாற்றத்தையே வளர்க்கும்.

சோற்றைக் காய்ச்சாமல் இடுவது பெருந்தீங்கு. 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், இறைச்சி கலந்த மிச்ச உணவின் மூலமாகவும் பரவக்கூடியது. 90 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் ஒரு மணி நேரம் கிளறிக் காய்ச்சி, ஆறிய பின்பே பிண்ணாக்கைச் சேர்க்கவேண்டும். நோய் கண்ட பகுதியில் மிச்ச உணவை அறவே விலக்குவதே நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் கடமை.

ஐயமுள்ளோர் ஒரே வயதுடைய பன்றிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றிற்குப் பழைய தீவனமும் மற்றொன்றிற்குத் திருத்திய கலவையும் இட்டு, பதினைந்து நாளுக்கொருமுறை நிறுத்துப் பார்ப்பாராக. காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஆலோசனையும் கேட்கலாம். தராசு காட்டும் வேறுபாட்டைக் கண்டபின் எவரும் சோற்றை மட்டும் நம்பியிரார்.