பிள்ளைக்கு விவாகரத்து இல்லை

உருத்திரபுரத்திலிருந்து கடந்த மாதம் ஒரு தாய் எம்மைத் தேடி வந்தார். அவர் கையில் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. சப்பாத்து, ரியூசன் காசு, பஸ் காசு, காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து என்று இரண்டு பிள்ளைகளுக்குச் செலவானதை மாதவாரியாக அதில் எழுதியிருந்தார். கணவர் பிரிந்து நான்கு வருடமாகிறது. அவர் மலையகத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். எமது அங்கத்தவர். "அவரு உங்க சங்கத்து ஆளுதானே, நீங்க சொன்னா கேப்பாரு" என்றார் அந்தத் தாய்.

அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எமக்கு உண்டு.

1977 இலும் 1983 இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மண்ணில் வேரூன்றிவிட்டன. ஆனால் பிழைப்புக்காக ஒருவர் தோட்டத்திலும், ஒருவர் கொழும்பிலும், இன்னொருவர் வெளிநாட்டு வீட்டு வேலையிலும் இருக்கும் நிலை இன்னும் மாறவில்லை. இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பங்களில் சில உடைந்தும் போகின்றன. அப்போது பாரம் முழுவதும், பிள்ளைகளை வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

இதில் எமது குற்றமும் உண்டு. இவ்வாறான பிணக்குகளைத் தலைவர்மார் கோயிலடியில் பேசித் தீர்த்திருக்கிறார்கள். "ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடு" என்று சொல்லியிருக்கிறார்கள். சந்தா கட்டும் அங்கத்தவரைப் பகைக்க வேண்டாமே என்று நாம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஒருமுறை கொடுத்த தொகை ஒரு வருடத்தில் கரைந்துவிடும். பிள்ளை வளர்வதற்குப் பதினெட்டு வருடம் வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1889 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத பெற்றோர் மீது நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். விவாகரத்துத் தீர்ப்புக் கையில் இருக்க வேண்டியதில்லை. திருமணம் பதியப்படாவிட்டாலும், தகப்பன் இன்னார் என்பதை நிரூபித்தால் பிள்ளைக்கு உரிமை உண்டு. 18 வயதுக்குப் பின்னும் தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளை 25 வயது வரை கேட்கலாம். விண்ணப்பிப்பவர் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். உருத்திரபுரத்துத் தாய் ஹற்றனுக்கு அலைய வேண்டியதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எவ்வளவு கொடுப்பது? இருவரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்தே நீதவான் தொகையைத் தீர்மானிப்பார். அதே நியாயத்தை நாமும் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். தகப்பனுக்கு மாதம் 30,000 ரூபாவும் தாய்க்கு 15,000 ரூபாவும் கிடைக்கிறது, பிள்ளைகளின் செலவு 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தகப்பனின் பங்கு 8,000, தாயின் பங்கு 4,000. சமைப்பதும் துவைப்பதும் காய்ச்சலில் கண்விழிப்பதும் இந்தக் கணக்கில் வரவில்லை. அவற்றையும் சேர்த்தால் தாயின் பங்கு எங்கே போய் நிற்கும் என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

"நாட்கூலியில் எனக்கே போதவில்லை" என்ற பதில் வரும். அது பொய்யல்ல. 2024 இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவானது. அப்போது அதில் 25 பேர் போட்டாலும் 33,750 ரூபாதான் வந்தது. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் மிஞ்சியது 31,050. கூலி குறைவு என்பதற்காக நாம் தோட்ட நிர்வாகத்தோடு போராடுகிறோம். அந்தக் குறைவைப் பிள்ளையின் சாப்பாட்டிலிருந்து ஈடுகட்ட யாருக்கும் உரிமையில்லை. உண்மையாகவே வேலை குறைந்தால், தொகையை மாற்றும்படி நீதிமன்றத்தைக் கேட்கச் சட்டத்தில் வழியுண்டு. கொடுக்காமல் ஒளிந்து திரிபவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். அதை அவமானமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சங்கச் சந்தா மாதாமாதம் செக்ரோலில் வெட்டப்படுவதில் எமக்கு அவமானம் இல்லையே. அப்படியிருக்கப் பெற்ற பிள்ளையின் பங்கு வெட்டப்படுவதில் மட்டும் ஏன்?

இது ஆண்களுக்கு மட்டும் சொல்லும் பேச்சல்ல. தாய் வெளிநாட்டில் உழைக்க, தகப்பனோ அம்மம்மாவோ பிள்ளையை வளர்க்கும் வீடுகளும் உண்டு. அங்கே தாயும் அனுப்ப வேண்டும். அதுபோலவே, காசு வரவில்லை என்று பிள்ளையைத் தகப்பனுக்குக் காட்டாமல் வைப்பதும், காட்டவில்லை என்று காசை நிறுத்துவதும் பிழை. இரண்டிலும் தண்டனை பெறுவது பிள்ளைதான்.

ஆகவே கிளைத் தலைவர்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்: ஒரே தொகையில் பிள்ளையின் கணக்கை முடிக்கும் பஞ்சாயத்துக்கு இனி எமது சங்கத்தின் பெயரைக் கொடுக்காதீர்கள். இணக்கம் வந்தால் மாதத் தொகையை எழுத்தில் எழுதுங்கள். வங்கியில் போடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டை இருவரும் வைத்திருக்கட்டும். இணக்கம் வராவிட்டால் நீதிமன்றத்துக்கு வழிகாட்டுங்கள். அங்கத்தவர் என்பதற்காக எவரது சம்பள விபரத்தையும் மறைக்க உதவாதீர்கள்.

அந்தத் தோழருடன் நாம் பேசிவிட்டோம். அவர் கொப்பியை முழுதாக வாசித்தார். மூத்தவள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் மாதக் காசு போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதமும் போகிறதா என்று பார்ப்பது எமது வேலை.