சைவ ஜீரண மாத்திரையின் யோக்கியதை

வயிற்றுக்கும் வருணம் வந்துவிட்டது. “தாவர என்சைம், நூற்றுக்கு நூறு சைவம், ஜீரணத்துக்குக் கைகண்டது” என்று மருந்துக் கடையிலும் கைபேசி விளம்பரத்திலும் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். இந்தச் சைவத்தின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

டப்பாச் சரக்கில் முக்கியமான ஒன்று பப்பாயின். பப்பாளிக்காயைக் கீறி, வடியும் பாலைக் காயவைத்து எடுப்பது. இதற்கு ஏற்றவையாகக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கோ 2, கோ 5 என்ற பப்பாளி ரகங்களை வெளியிட்டார்கள். இதன் வேலை புரதத்தை அறுப்பது. முற்றின கிடாக்கறி வேகுவதற்குப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான்! சோற்றிலுள்ள மாவுச்சத்தை இது தொடவே தொடாது. ஆகக் கறியை மெதுவாக்கும் சரக்குக்குச் சைவ முத்திரை குத்திச் சாம்பார் சோற்றுக்காரருக்கு விற்கிறார்கள்!

மாவுச்சத்துக்கு டயாஸ்டேஸ் இருக்கிறதே என்பார்கள். மாத்திரையில் சேரும் டயாஸ்டேஸ் பெரும்பாலும் பூஞ்சையில் எடுப்பது. ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே 1894-லேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பூஞ்சை தாவரமே அல்ல!

சரி, விழுங்கினால் என்ன ஆகிறது? என்சைமும் ஒரு புரதம். இரைப்பையின் அமிலமும் பெப்சினும் புரதத்தைச் சிதைக்கவே இருக்கின்றன. சுடாத மண்பொம்மையைத் தண்ணீரில் போட்டால் என்ன கதியாகும் என்று விருத்தாசலம் பீங்கான் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தக்க உறையில்லாத என்சைம் பலவற்றுக்கும் அந்தக் கதிதான். நல்ல உடம்பில் கணையம் தினம் ஒரு லிட்டருக்கு மேல் ஜீரண நீர் சுரக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு இந்தச் சிட்டிகைத் தூள் எதற்கு?

என்சைம் மருந்தே பொய் என்று நாம் சொல்லவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதவனுக்கு லாக்டேஸ் உதவும். கணையம் கெட்டவனுக்கு என்சைம் கட்டாயம் வேண்டும். ஆனால் அவனுக்கு டாக்டர் கொடுப்பது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பன்றியின் கணையத்திலிருந்து! உயிர் ஊசலாடும் இடத்தில் பன்றி ஆகும். ஏப்பம் விடும் இடத்தில் மட்டும் சைவம் வேண்டுமாம்!

சூளையடியில் வெந்து சம்பாதித்த கூலி போவது ஒரு நஷ்டம். காலம் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். உடம்பு காரணமில்லாமல் இளைத்தாலும், மலம் கறுத்தாலும், சோறு விழுங்க முடியாவிட்டாலும் அது குடல் புண்ணாகவோ புற்றாகவோ இருக்கலாம். உடனே போக வேண்டிய இடம் சர்க்கார் ஆஸ்பத்திரி. டப்பாவை மாற்றி மாற்றி விழுங்குகிறவன் நோயைத்தான் வளர்க்கிறான்.

சத்துப் பொருளாக விற்கும் டப்பாவில் “மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல” என்று அச்சிட வேண்டும் என்பது 2016-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கம் கைகண்டது என்பதும் பின்பக்கம் மருந்தல்ல என்பதும் என்ன நாணயம்? பச்சைப் புள்ளியைப் பார்த்துக் காசை நீட்டுமுன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.