உலக்கையும் தோழியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள்.

சாமையும் தினையும் கேழ்வரகும் இவர்களுடைய பழைய உணவு. சாமைச் சோறு தின்ன எளிது. அரிசியாக்குவது எளிதல்ல! உரலில் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் பாடு.

ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. கிழங்கு காசு தந்தது. சாமை நிலம் சுருங்கியது. "குத்துகிற வேலை ஒழிந்தது" என்று பெண்கள் மகிழ்ந்திருந்தால் அதில் குற்றம் என்ன?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பணி தொடங்கியது. பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். உமி நீக்கும் இயந்திரங்கள் குழுக்களின் பொறுப்பில் வந்தன. விதை வங்கிகளும் ஏற்பட்டன.

குழு என்றால் சேமிப்பும் கடனும் மட்டும்தானா? கல்யாணமானவளுக்குப் புகுந்த வீட்டில் மாமியார் உண்டு, நாத்தனார் உண்டு, தோழி எங்கே? பிள்ளைகள் தலையெடுத்த வயதில், தன் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பேசக் குழுக் கூட்டம் ஒரு சாக்கு. வீட்டில் யாரும் தடுக்க முடியாத சாக்கு! இன்னாருடைய மனைவி என்றிருந்தவளின் பெயர் வங்கிக் கணக்கில் ஏறியது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பட்டணத்தில் சாமைக்குக் கிராக்கி. ஆனால் மலையில் இயந்திரம் பழுதானால் திரும்பவும் உரல்தான்.